பருவகால ஃப்ளூ மரணங்களும் பெருந்தொற்று மரணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட் பரவத் தொடங்கிய 2020இன் முதல் மாதங்களில் எங்கு பார்த்தாலும் ஒரு பேச்சு இருந்தது: "ஃப்ளூ காய்ச்சலில் இதைவிட அதிகம் பேர் சாகிறார்களே, அதற்கு யாராவது கதவைப் பூட்டிக்கொண்டு உட்காருகிறார்களா?" இப்படிக் கேட்டவர்களில் பலர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கையில் இரண்டு எண்கள் இருந்தன, ஒன்று பெரியதாக இருந்தது, அதைக் காட்டினார்கள். அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். அடுத்த பெருந்தொற்றிலும் இதே ஒப்பீடு கட்டாயம் வரும். அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

ஃப்ளூவில் வருஷத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை. 2017இல் வெளிவந்த கணக்கு இது. அதற்கு முன்பு 2.5 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று சொல்லிவந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது. அவர்களில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் கடுமையாகிறது.

ஆகவே "ஃப்ளூ தானே" என்று ஒதுக்கிவிடக்கூடிய நோய் இல்லை இது. தும்மலும் உடம்பு வலியுமாக நான்கு நாளில் போய்விடும் சாதாரணச் சளியையும் நாம் ஃப்ளூ என்றே சொல்லிப் பழகிவிட்டதால், உண்மையான இன்ஃப்ளூயன்சாவின் கடுமை நமக்கு மறந்துபோகிறது. ஒப்பீட்டில் முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

2.9 லட்சத்துக்கும் 6.5 லட்சத்துக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்? எண்ணிப் பார்க்க முடியாதா?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர். ஃப்ளூ வருகிறது, ஒரு வாரம் படுத்திருக்கிறார், காய்ச்சல் இறங்குகிறது. பிறகு நுரையீரலில் பாக்டீரியா தொற்றி நிமோனியா ஆகிறது. அல்லது மாரடைப்பு வருகிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது ஃப்ளூ வைரஸ் உடம்பில் இருந்த தடயமே இருக்காது. அதற்கான பரிசோதனையை யாரும் செய்திருக்கவும் மாட்டார்கள். இறப்புச் சான்றிதழில் "நிமோனியா" என்றோ "மாரடைப்பு" என்றோ எழுதுவார்கள். எழுதிய மருத்துவர் தவறு செய்யவில்லை. ஆனாலும் ஃப்ளூ வந்திருக்காவிட்டால் அந்தப் பெரியவர் அன்றைக்கு இறந்திருக்க மாட்டார். ஃப்ளூ உறுதியான பிறகு வரும் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்காகிறது என்று கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் காட்டியது.

இப்படிக் கணக்கில் வராமல் போகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ளூ பரவாத மாதங்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள், பரவும் மாதங்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்து, வித்தியாசத்தை வைத்து மாதிரிக் கணக்கு போடுகிறார்கள். ராபர்ட் செர்ஃப்லிங் 1963இல் வகுத்த முறையும் அதன் பின்வந்த மேம்பாடுகளும்தான் இதற்கு அடிப்படை. கணக்கில் ஊகம் இருக்கிறது, அதனால் விடையும் ஒரே எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாக வருகிறது. கூடுதல் தகவல் வந்தால் மாறவும் செய்யும். அமெரிக்காவில் 2017-18 ஃப்ளூ பருவத்தில் 80,000 பேர் இறந்ததாக முதலில் மதிப்பிட்டார்கள். பிறகு அது 61,000 ஆனது. அதன் பின் 52,000 ஆனது.

உலக சுகாதார நிறுவனத்தின் எண்ணில்கூட சுவாசக் கோளாறால் நேர்ந்த மரணங்கள் மட்டுமே அடக்கம். மேலே சொன்ன மாரடைப்பு மரணங்கள் அதில் இல்லை.

சரி, மதிப்பீடுதான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் ஒப்பீட்டில் என்ன கெட்டுப்போகிறது?

தினமும் செய்தியில் வந்த கோவிட் எண், பெரும்பாலும் பரிசோதனையில் உறுதியாகி, ஒவ்வொன்றாக எண்ணப்பட்ட மரணங்கள். ஃப்ளூவுக்குக் காட்டப்பட்டது, எண்ணத் தவறியவர்களையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. ஒருவர் பையில் இருக்கும் சில்லறையை எண்ணிச் சொல்கிறார், இன்னொருவர் வரவேண்டிய கடனையும் சேர்த்துச் சொல்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் பணக்காரர் என்று முடிவு செய்ய முடியாது.

ஜெரமி ஃபாஸ்ட், கார்லோஸ் டெல் ரியோ என்ற இரு மருத்துவர்கள் 2020 மே மாதம் இதைச் சரிசெய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் ஃப்ளூ மரணங்களையும் எண்ணப்பட்ட அளவில் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2013-14 முதல் 2018-19 வரை ஆண்டுக்கு 23,000 முதல் 61,000 வரை என்று மதிப்பீடு சொன்ன இடத்தில், உண்மையில் எண்ணப்பட்டவை 3,448 முதல் 15,620 வரைதான். 2020 ஏப்ரல் 21 அன்று முடிந்த ஒரே வாரத்தில் அங்கே பதிவான கோவிட் மரணங்கள் 15,455. அதாவது மிக மோசமான ஃப்ளூ பருவம் முழுவதிலும் எண்ணப்பட்ட மரணங்களுக்கு ஏறத்தாழச் சமம், ஏழே நாட்களில். முந்தைய ஃப்ளூ பருவங்களின் உச்ச வாரங்களோடு ஒப்பிட்டால் 9.5 முதல் 44 மடங்கு வரை வந்தது.

மதிப்பீட்டோடு மதிப்பீட்டை ஒப்பிட்டால்?

அதையும் செய்யலாம், செய்யவும் வேண்டும். அதற்குக் கருவி மிகை மரணக் கணக்கு. வழக்கமான ஆண்டாக இருந்தால் இத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கப்படும் எண்ணை, உண்மையில் இறந்தவர்களின் எண்ணிலிருந்து கழிப்பது. என்ன நோய், சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, பரிசோதனை நடந்ததா என்ற கேள்விகளே இதில் எழுவதில்லை.

இந்த யோசனை ஃப்ளூவிலிருந்தே பிறந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். 1847இல் லண்டனில் ஃப்ளூ பரவியபோது, அங்கே பிறப்பு இறப்புப் பதிவுகளைத் தொகுத்துவந்த வில்லியம் ஃபார் ஒன்றைக் கவனித்தார். ஃப்ளூ என்று எழுதப்பட்ட மரணங்கள் கொஞ்சம்தான். ஆனால் அதே வாரங்களில் மூச்சுக்குழாய் அழற்சி, நிமோனியா, ஆஸ்துமா என்று எழுதப்பட்ட மரணங்களும் ஏறியிருந்தன. அந்தப் பருவத்தின் வழக்கமான அளவைக் கழித்துப் பார்த்தால்தான் ஃப்ளூவின் உண்மையான சுமை தெரிந்தது. வைரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது.

இப்போது எண்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் நேர்ந்த மிகை மரணங்கள் 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது (1.33 கோடி முதல் 1.66 கோடி வரை). அதே காலத்தில் நாடுகள் அறிவித்த கோவிட் மரணங்கள் 54 லட்சம்தான். ஃப்ளூவின் உச்ச மதிப்பீட்டையே எடுத்து இரண்டு ஆண்டுக்குப் பெருக்கினாலும் 13 லட்சம்தான் வரும். வித்தியாசம் 11 மடங்குக்கு மேல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டும்கூட அச்சு அசலாக ஒரே அளவை இல்லை. மிகை மரணத்தில், மருத்துவமனை நிரம்பி வழிந்ததால் வேறு நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களும் இருக்கிறார்கள். ஃப்ளூ பக்கத்தில் இதய நோய் மரணங்கள் விடுபட்டிருக்கின்றன. இரண்டையும் எவ்வளவு தாராளமாகச் சரிக்கட்டினாலும் 11 மடங்கு 1 மடங்காகச் சுருங்கிவிடாது.

மரண விகிதம் கோவிட்டுக்கு 3.4 சதவீதம், ஃப்ளூவுக்கு 0.1 சதவீதம் என்றார்களே. அப்படியானால் 34 மடங்கு கொடியதா?

இது எதிர்த்திசையில் நடந்த தவறு. பயமுறுத்தும் பக்கம் போன தவறு என்பதால் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் சொன்னது, அதுவரை அறிவிக்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் 3.4 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது. அறிவிக்கப்பட்டவர்களில் என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்போது கடுமையாக நோயுற்றவர்களுக்கே பரிசோதனை நடந்தது. லேசாக வந்து போனவர்கள் கணக்கிலேயே இல்லை. வகுக்கும் எண் சிறியதானால் விகிதம் பெரிதாகத்தான் தெரியும். ஃப்ளூவின் 0.1 சதவீதமோ, மருத்துவரையே பார்க்காமல் வீட்டில் படுத்து எழுந்தவர்களையும் மதிப்பிட்டுச் சேர்த்த எண்ணிக்கையால் வகுத்து வந்தது.

தொற்று ஏற்பட்ட எல்லோரையும் வைத்து வகுத்தால் கோவிட்டின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அப்போதும் ஒரே எண்ணைச் சொல்வதில் அர்த்தம் இல்லை, ஏனென்றால் அது வயதோடு செங்குத்தாக ஏறுகிறது. 2020இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு: 10 வயதில் 0.002 சதவீதம், 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15 சதவீதம். தடுப்பூசி வருவதற்கு முந்தைய நிலை இது. 25 வயதுக்காரர் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொன்னதும் பொய்யில்லை, அவருடைய பாட்டி பயந்ததும் மிகையில்லை.

தொடக்கத்தில் ஃப்ளூவைவிடக் குறைவான பேர்தானே இறந்திருந்தார்கள்?

ஆமாம். உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த 2020 மார்ச் 11 அன்று உலகம் முழுவதும் பதிவாகியிருந்த மரணங்கள் 4,291. அன்றைய தேதியில் ஃப்ளூவோடு ஒப்பிட்டவருக்கு அது அற்பமாகத்தான் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவானவை 18 லட்சம்.

முழு ஆண்டின் எண்ணை, தொடங்கி இரண்டு மாதமே ஆன ஒன்றின் எண்ணோடு வைத்தது முதல் பிழை. மடங்கு மடங்காக ஏறும் ஒன்றை அன்றைய எண்ணால் அளந்தது இரண்டாவது. மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒன்று முப்பது நாளில் 1,024 மடங்காகிவிடும். தொற்றிலிருந்து மரணம் வரை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆவதால், இன்று காணும் மரண எண்ணிக்கை இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய பரவலின் நிழல்.

பரவும் வேகமும் சேர்ந்துகொள்கிறது. பருவகால ஃப்ளூ உள்ள ஒருவரிடமிருந்து சராசரியாக 1.3 பேருக்குத் தொற்றும். தொடக்க கால கோவிட்டுக்கு அது 2 முதல் 3 வரை. 2.5 என்று வைத்துக்கொண்டு பத்துத் தலைமுறை தொற்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.3 என்றால் பத்தாம் சுற்றில் 14 பேர். 2.5 என்றால் 9,500க்கு மேல்.

கோவிட்டால் இறந்தார்களா, கோவிட் இருக்கும்போது இறந்தார்களா?

நியாயமான கேள்வி. சாலை விபத்தில் இறந்தவருக்குப் பரிசோதனையில் தொற்று தெரிந்தால் அதைக் கோவிட் மரணம் என்று எண்ணுவது தவறுதான், அப்படிச் சில இடங்களில் சில காலம் நடந்தும் இருக்கிறது. ஆனால் இந்தச் சந்தேகம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. பரிசோதனையே கிடைக்காமல் வீட்டில் இறந்தவர்கள் எண்ணிக்கையில் வரவே இல்லை. கூட்டியெழுதியது அதிகமா, விட்டுப்போனது அதிகமா என்பதற்கு மிகை மரணம் பதில் சொல்கிறது: அறிவித்தது 54 லட்சம், மிகை 1.49 கோடி.

எப்படியும் சாகப்போகிற முதியவர்கள்தானே இறந்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் கணக்கிலேயே பதில் இருப்பதால் கணக்கையே சொல்கிறேன். சில வாரங்களில் இறக்கவிருந்தவர்களே இறந்திருந்தால், அடுத்த மாதங்களில் மரணங்கள் அதே அளவு குறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 81 நாடுகளின் தரவைப் பார்த்து 2021இல் வந்த ஆய்வு, கோவிட்டில் இறந்த ஒவ்வொருவரும் சராசரியாக 16 ஆண்டு வாழ்வை இழந்ததாகக் கணக்கிட்டது. உலகின் சராசரி ஆயுள் 2019க்கும் 2021க்கும் இடையே 1.8 ஆண்டு குறைந்தது. பருவகால ஃப்ளூவில் இறப்பவர்களிலும் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள்தான். ஆனால் அதனால் உலக ஆயுள் இப்படி விழுந்ததில்லை.

2020இல் ஃப்ளூ காணாமல் போனது. ஃப்ளூவைத்தான் கோவிட் என்று பெயர் மாற்றிவிட்டார்களா?

இல்லை. ஃப்ளூவுக்கான பரிசோதனை நிற்கவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, அதாவது தென்கோளத்தின் ஃப்ளூ காலத்தில், ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் சேர்த்து 83,307 மாதிரிகளைச் சோதித்ததில் 51இல் மட்டுமே ஃப்ளூ இருந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் அதே மாதங்களில் சுமார் 14 சதவீத மாதிரிகளில் இருந்தது.

முகக்கவசம், மூடிய பள்ளிகள், நின்றுபோன பயணம் எல்லாம், ஒருவரிடமிருந்து 1.3 பேருக்கு என்றிருந்த ஃப்ளூ பரவலை எளிதாக 1க்குக் கீழே தள்ளிவிட்டன. அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் ஃப்ளூவால் 199 குழந்தைகள் இறந்ததாகப் பதிவானது. 2020-21இல் ஒரு குழந்தை. பி வகை ஃப்ளூவின் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் காணப்படவே இல்லை. அதனால் தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஃப்ளூவை அடியோடு நிறுத்திய அதே கட்டுப்பாடுகளுக்கு நடுவேதான் கோவிட் அத்தனை பேரைக் கொன்றது. ஃப்ளூவின் வழக்கமான எண், கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஆண்டுகளின் எண். கோவிட்டின் எண், உலகமே அடங்கி உட்கார்ந்திருந்த ஆண்டுகளின் எண். ஒப்பிடுபவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

எல்லாப் பெருந்தொற்றும் ஃப்ளூவைவிட மோசமாகத்தான் இருக்குமா?

இல்லை. பெருந்தொற்று என்ற சொல் பரவலைக் குறிக்கிறது, கொடுமையை அல்ல. 2009இல் வந்த எச்1என்1 நல்ல உதாரணம். ஆய்வகத்தில் உறுதியாகி அறிவிக்கப்பட்ட மரணங்கள் சுமார் 18,500. பின்னர் 2012இல் வந்த மதிப்பீடு, முதல் ஆண்டில் 1.5 லட்சம் முதல் 5.75 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. மொத்த எண்ணில் ஒரு சாதாரண ஃப்ளூ ஆண்டைப் போலத்தான். ஆனால் இறந்தவர்களில் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குட்பட்டவர்கள். அதே மாதிரி வைரஸை இளம் வயதில் சந்தித்திருந்த முதியவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

1957, 1968 ஃப்ளூ பெருந்தொற்றுகள் ஒவ்வொன்றும் சுமார் 10 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 1918 தனி ரகம். உலக மக்களில் மூன்றில் ஒருவருக்குத் தொற்றியது. 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமானவர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அதுவும் ஃப்ளூதான் என்பதை "வெறும் ஃப்ளூ" என்று சொல்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது கோவிட் ஃப்ளூ அளவுக்கு வந்துவிட்டதா?

நெருங்கியிருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் பதிவுகளைப் பார்த்தால், கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 2020இல் 17 முதல் 21 சதவீதம். 2022-23 பருவத்தில் சுமார் 6 சதவீதம், அதே பருவத்தில் ஃப்ளூவுக்கு 3.75. 2023-24இல் 5.7, ஃப்ளூவுக்கு 4.2. வைரஸ் சாதுவாகிவிட்டது என்பதைவிட, தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் நம் உடம்பு அதற்குப் பழகிக்கொண்டது என்பதே இதற்குப் பெரிய காரணம். தடுப்பூசி மட்டும் முதல் ஓராண்டில் 1.44 கோடி கோவிட் மரணங்களைத் தடுத்ததாக ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறது. 2020இலேயே "இது ஃப்ளூ மாதிரிதான்" என்று சொன்னவர்கள் சரியாகச் சொன்னார்கள் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது.

பறவைக் காய்ச்சலில் பாதிப்பேர் இறக்கிறார்கள் என்கிறார்களே, அது வந்தால்?

எச்5என்1 பற்றிய அந்தச் செய்தியில், 2003 முதல் கண்டறியப்பட்ட 900க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மார்ச் 2020இன் 3.4 சதவீதத்தில் பார்த்த அதே கேள்வியை இங்கும் கேளுங்கள்: வகுக்கும் எண் எது? லேசாக வந்து போனவர்கள் எத்தனை பேர் கண்ணில் படாமல் போனார்கள்? மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவும்படி அது மாறினால், இதே விகிதத்தோடுதான் பரவும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் அது பேரழிவுதான்.

புதிதாக ஒன்று வந்தால் செய்தியில் எதைப் பார்ப்பது?

மொத்த எண்ணை விட்டுவிட்டு வாராந்திர எண்ணைப் பாருங்கள்; போன வாரத்தைவிட எத்தனை மடங்கு என்று கணக்கிடுங்கள். எண் எண்ணப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா என்று தேடுங்கள். விகிதம் சொன்னால் எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள். வயது வாரியான பட்டியல் இருந்தால், உங்கள் வயதுக்கு எதிரே உள்ளதைப் பார்த்த கையோடு வீட்டிலேயே மூத்தவரின் வயதுக்கு எதிரே உள்ளதையும் பாருங்கள். மிகை மரணக் கணக்கு வரச் சில மாதங்களாவது ஆகும். அது வரும்வரை, ஃப்ளூவோடு ஒப்பிட்டு யார் என்ன சொன்னாலும், எந்த ஃப்ளூ எண்ணை எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.